தொழில் தேர்ச்சியும் குடிநுழைவுச் சட்டமும்

பிற நாட்டிலிருந்து வேலைக்கு வருவோரைத் தேர்ச்சி பெற்றவர், தேர்ச்சியற்றவர் என இரு கூறாகப் பிரிப்பது அரசுகளின் வழக்கம். முன்னவர்க்கு ஒரு விதி. பின்னவர்க்கு வேறொரு விதி. இப்பிரிவு இயற்கையாய் அமைந்தது போலத் தோன்றும். ஆயினும், தேர்ச்சி என்பதைச் சட்டம் எதனைக் கொண்டு அளந்தது என ஆராயின், அவ்வளவுகோல் காலந்தோறும் மாறி வந்திருப்பது புலனாகும். மலாயாத் தமிழரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஆள் வேண்டிய காலம்

இந்தியாவிலிருந்து சஞ்சி முறையில் மலாயாவுக்கு ஆள் சேர்ப்பது 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னரே கங்காணி முறை வேரூன்றியிருந்தது. 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி தோன்றிற்று. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள், அவர்கள் செய்த வேலைநாள்களின் கணக்குப்படி அந்நிதிக்குப் பணம் செலுத்தினர். தொழிலாளரின் கப்பற் செலவு அதிலிருந்து கொடுக்கப்பட்டது. ஒருவர் செலவிட்டு அழைத்து வந்த ஆளை மற்றொருவர் செலவின்றிக் கவர்ந்துகொள்ளாதிருக்க இவ்வேற்பாடு உதவிற்று. அக்காலத்தில் நாடு வேண்டியது உழைக்கும் கைகளையே. தேர்ச்சியைப் பற்றிய வினா எழவில்லை.

அவ்வினாவை எழுப்பியது இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம். தேர்ச்சித் தொழில்கள் இவையென அது வரையறுத்தது. கைவினைஞர் வேலை, கணக்கர் வேலை, கடைச் சிப்பந்தி வேலை, கண்காட்சி கேளிக்கைகளில் செய்யும் வேலை, உணவு விடுதி தேநீர்க்கடைகளில் செய்யும் பணி, வீட்டுவேலை ஆகியன அதில் அடங்கின. பயிர்த்தொழிலோ தேர்ச்சியற்ற தொழில் எனப்பட்டது. எனவே, தேநீர்க் கோப்பையை ஏந்துபவர் தேர்ச்சி பெற்றவரானார். பால்மரம் சீவுபவர் தேர்ச்சியற்றவரானார்! பால் வெட்டும் கத்தி பட்டையில் ஆழம் குறைந்து சென்றால் பால் குறையும். ஆழம் மிகுந்தால் மரம் காயமுற்று, புதுப்பட்டை மேடுபள்ளமாய் வளரும். இருள் பிரியாத காலையில் நூற்றுக்கணக்கான மரங்களில் இந்நுட்பம் தவறாது சீவிய கைக்குத் தேர்ச்சி இல்லை என்பது பொருந்துமா?

நடுநிலை நின்று நோக்கின், அச்சட்டத்தின் கருத்து வேறு. தோட்டங்களுக்குக் கூட்டங்கூட்டமாய்ச் சேர்க்கப்பட்டோரே பெரிதும் ஏமாற்றப்பட்டனர். ஆதலின், அரசு அறிவித்த நாடுகளுக்கு மட்டுமே அவர்கள் செல்லலாம் என்று சட்டம் காப்புச் செய்தது. தேர்ச்சித் தொழிலுக்கு ஆள் வேண்டுவோரோ எத்தனை பேர், எவ்விடம், என்ன நிபந்தனை எனத் தெரிவித்துத் தனியே இசைவு பெறவேண்டும். ஆக, அங்குத் 'தேர்ச்சியற்றவர்' என்ற சொல் அறிவை அளக்கவில்லை. காப்பு மிகுதியும் வேண்டியவரைக் குறித்தது. 1938ஆம் ஆண்டில் தோட்ட முதலாளிகள் ஆடவரின் நாட்கூலியை 50 காசிலிருந்து 45 காசாகக் குறைத்தபோது, இந்திய அரசு அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தொழிலாளரை அனுப்புவதைத் தடுத்துவிட்டது.

கதவு அடைபட்ட காலம்

1953ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல்நாள் நடைமுறைக்கு வந்த மலாயாக் குடிநுழைவுச் சட்டம் நிலைமையைத் தலைகீழாக்கிற்று. முன்னர் விரும்பி அழைக்கப்பட்ட தொழிலாளிக்குக் கதவு அடைபட்டது. நாட்டுக்குத் தேவையான தொழில்வல்லாருக்கே அது திறந்தது. 1963ஆம் ஆண்டு விதிகள் வேலை அனுமதிச்சீட்டுக்கு ஈராண்டு ஒப்பந்தத்தையும் மாதம் 1,200 வெள்ளி ஊதியத்தையும் வரம்பாகக் குறித்தன. காப்பைக் குறித்த சொல் இப்போது விலையைக் குறிப்பதாயிற்று. தேர்ச்சிக்கு அளவுகோல் ஊதியமே என்றாயிற்று.

ஈதன்றி, புதிதாய் வருவோரைக் குறித்த சிந்தனை, முன்னரே வந்து வாழ்ந்தோர் மேலும் பாய்ந்தது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதி பெறவேண்டுமென்றது. 1969க்குப்பின் அது கண்டிப்பாய் நடைமுறைப்படுத்தப்பட, ஆண்டுக்கணக்கில் பால் வெட்டியவர்களும் வேலை இழந்தனர். ஏறத்தாழ 60,000 இந்தியர் நாடு திரும்பினர் என்பர். பிற்காலத்தில் தோட்டங்களுக்கு ஆள் போதாமல் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் தொழிலாளர் வரவழைக்கப்பட்டதை நாம் அறிவோம்.

இன்றைய அளவுகோல்

அண்டையிலுள்ள சிங்கப்பூரில் 2023 செப்டம்பர் முதல் வேலை அனுமதிக்கு மதிப்பெண் முறை வந்துள்ளது. 40 மதிப்பெண் பெறவேண்டும். ஊதியமும் கல்வித் தகுதியும் விண்ணப்பிப்பவரைப் பற்றியன. நிறுவனத்தில் ஒரே நாட்டவர் மிகுந்துள்ளனரா, உள்நாட்டார்க்கு உரிய இடம் உண்டா என்பன முதலாளியைப் பற்றியன. வேலை தருபவரையும் நிறுத்துப் பார்ப்பது வரவேற்கத்தக்கதே. எனினும், மாதம் 22,500 வெள்ளியோ அதற்கு மேலோ பெறுவோர்க்கு அம்மதிப்பெண் தேவையில்லை. அளவுகோல் நுட்பமாயினும் ஊதியத்தின் ஆட்சி நீங்கவில்லை என்பதை இது காட்டும்.

ஒரு நாடு தன் கதவை எவர்க்குத் திறப்பது என முடிவு செய்வது அதன் உரிமை. அதனை யாம் மறுக்கவில்லை. ஆயின், சட்டத்தின் சொல்லை மனிதனின் மதிப்பாகக் கொள்வது பிழை. வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் இதனைத் தெளிவுறுத்தல் வேண்டும். 'தேர்ச்சியற்ற தொழிலாளர்' என்று பாடநூலில் படிக்கும் மாணாக்கன், தன் பாட்டனும் பாட்டியும் வேலை அறியாதவர் என எண்ணிவிடலாகாது. அவர்கள் வேலை அறிந்தவர்கள், கூலிதான் குறைவு. அச்சொல்லுக்கு உரிய பொருள் அவ்வளவே.