காடும் பெண்ணும்: மகாசுவேதா தேவியின் 'வேட்டை' குறித்து

சூழல்பெண்ணியம் என்ற சொல்லை 1974இல் பிரெஞ்சுப் பெண்ணியவாதி பிரான்சுவாஸ் தோபோன் புழக்கத்திற்குக் கொண்டுவந்தார். 1988இல் வந்தனா சிவாவின் நூல், இமயமலை அடிவாரத்தில் 1973இல் தொடங்கிய சிப்கோ இயக்கத்தை அதற்கான இந்திய முன்னுதாரணமாக நிறுத்தியது. அதன்பின் இலக்கிய விமர்சனத்தில் ஒரு வாய்ப்பாடு உருவாகிவிட்டது. ஒரு கதையில் பெண்ணும் மரமும் வந்துவிட்டால் போதும்: இரண்டும் ஒன்று, இரண்டையும் சுரண்டுபவன் ஆண். மகாசுவேதா தேவியின் 'வேட்டை' என்ற வங்காளச் சிறுகதையும் இவ்வாறே பலமுறை வாசிக்கப்பட்டிருக்கிறது. காயத்ரி ஸ்பிவாக்கின் ஆங்கில மொழிபெயர்ப்பு 90களில் வெளிவந்தபின் இவ்வாசிப்பு இன்னும் பரவியது.

கதை சோட்டாநாக்பூர் பிரதேசத்தில் நிகழ்கிறது. ஒராவோன் பழங்குடிப் பெண்ணுக்கும் வெள்ளைத் தோட்டத்துரையின் மகனுக்கும் பிறந்தவள் மேரி. சால் மரங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி வெட்டவரும் ஒப்பந்தக்காரன் அவளை விடாது துரத்துகிறான். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெண்கள் வேட்டைக்குப் போகும் நாளில், அவனை அவள் வெட்டிக் கொல்கிறாள்.

மேரியே காடு என்று சொல்லிவிடுவது இலகு. ஆனால் பிரதி அதற்கு இடங்கொடுக்கவில்லை. துரையின் மகன் 1959இல் திரும்பி வந்து வீட்டையும் காட்டையும் விற்கிறான். மேரியின் தாயின் வயிற்றில் ஒரு பிள்ளையையும் விட்டுவிட்டு அவுஸ்திரேலியாவுக்குப் போகிறான். ஆக இங்கே காடு என்பது மனிதக் கை படாத ஆதி இயற்கை அல்ல; துரைமாரின் உடைமையாக இருந்து கைமாறிய சொத்து. சால் மரத்தின் வரலாறே அதுதான். புகையிரதப் பாதைக்குச் சிலிப்பர் கட்டை வேண்டியிருந்ததால் சாலின் மதிப்பு ஏறியது. 1878ஆம் ஆண்டின் வனச்சட்டம் பழங்குடிகளின் பாவனை உரிமைகளைச் சுருக்கியது. 1900இல் ராஞ்சிச் சிறையில் மாண்ட பிர்சா முண்டாவின் கிளர்ச்சியில் காட்டுரிமையும் ஒரு பிரச்சினை. அக்கிளர்ச்சி பற்றிய நாவலுக்காகவே மகாசுவேதாவுக்கு 1979இல் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. இந்த வரலாற்றை அறிந்து எழுதியவரைக் 'காட்டன்னை' வழிபாட்டுக்குள் அடைப்பது அநியாயம்.

சிப்கோவை மட்டும் உதாரணம் காட்டுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1978 அளவில் சிங்பூமில் பழங்குடிகள் மரங்களை வெட்டித்தான் போராடினார்கள். அரசு சாலை அழித்துத் தேக்கு நட்டது. சால் அவர்களுக்கு விதை, இலை, பூ, விறகு எல்லாம் தந்தது. தேக்கால் அவர்களுக்கு அப்படி எதுவுமில்லை. எனவே தேக்கங்கன்றுகள் வெட்டப்பட்டன. 1980 செப்டம்பர் 8இல் குவாவில் நடந்த பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாகின. மரத்தைக் கட்டிப்பிடிப்பதா வெட்டுவதா என்பதைத் தீர்மானித்தது பெண்மையின் இயல்பன்று, அந்த மரம் யாருக்குப் பயன்பட்டது என்பதே.

கதையில் மிருகமாவது யார்? மேரியின் கண்ணில் ஒப்பந்தக்காரனின் முகமே மிருகமுகமாகிறது. அவளோ வேட்டைக்காரி. பெண்–இயற்கை, ஆண்–பண்பாடு என்ற சமன்பாடு இங்கே தலைகீழாகிறது. பெண்வேட்டைச் சடங்குக்கும் ஒரு நினைவு உண்டு: ரோதாஸ் கோட்டையை எதிரிகள் தாக்கியபோது ஆணுடை தரித்துப் போரிட்ட ஒராவோன் பெண்களை அது நினைவுகூருகிறது என்பது மரபு. அதாவது இது போர்ச் சடங்கு; தாய்மைச் சடங்கு அல்ல. இன்னொன்று, மேரி காட்டில் தங்கவில்லை. தான் மணக்க விரும்பும் முஸ்லிம் இளைஞனோடு வேறெங்காவது போய்விடவே புகையிரதப் பாதை வழியே நடக்கிறாள். ஒப்பந்தக்காரன் செத்ததால் காடு மீண்டதென்றும் கதை சொல்லவில்லை.

சிவாவை விமர்சித்து பீனா அகர்வால் 1992இல் எழுதிய கட்டுரை இந்த இடத்தில் உதவுகிறது. இயற்கையோடு பெண்ணுக்குள்ள உறவைச் சொத்தும் உழைப்பும் வர்க்கமும் சாதியும் தீர்மானிக்கின்றன என்பது அவர் வாதம். 1908ஆம் ஆண்டின் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் காணி உரிமையை ஆண்வழியே கடத்தியது. மது கிஷ்வர் தொடுத்த வழக்கில் 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவுகளை நீக்க மறுத்தது. நிலத்தை நம்பி வாழும் பெண்கள் அதில் தொடர்ந்து இருக்கலாம் என்று மட்டும் சொன்னது. மண்ணைத் தாயென்று கவிதை எழுதும் நமக்கும் இது புதிதல்ல. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் சீதனக் காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்க முடியாதென்று 1911ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் விதித்தது.