ரயில் பெற்ற ஊர்

தலவாக்கலைக்குத் தலபுராணம் கிடையாது. எந்த ராஜாவும் அங்கே கோட்டை கட்டவில்லை, எந்த முனிவரும் தவம் செய்யவில்லை. பிறந்த வருஷம் தெரிய வேண்டுமானால் ரயில்வேக் கணக்கைத்தான் புரட்ட வேண்டும். 1884இல் ஹட்டனுக்கு வந்த தண்டவாளம் அடுத்த வருஷமே நானுஓயாவைத் தொட்டுவிட்டது. அந்த நீட்டிப்பில், கொட்டகலைக்கும் எங்கள் வட்டகொடைக்கும் நடுவில், கொத்மலை ஓயாவின் கரையோரம் ஒரு ஸ்டேஷன் வந்தது. ஸ்டேஷனைச் சுற்றி ஊர் முளைத்தது.

அதற்கு முன்னால் அங்கே இருந்தது காடும் ஆறும்தான். ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்தில் ஊறி இறங்கும் ஆக்ரா ஓயாத் தண்ணீரும் நுவரெலியாப் பக்கத்து நானு ஓயாத் தண்ணீரும் சேர்ந்து பாயும் ஆறு அது. கீழே போய் மகாவலியில் விழும். 1815இல் கண்டி ராச்சியம் வெள்ளைக்காரன் கைக்குப் போன பிறகு கோப்பி முதலில் கண்டியைச் சுற்றித்தான் பரவியது. அங்கே நிலம் தீரத் தீர துரைமார் மேலே மேலே ஏறினார்கள். திம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியாக் காடுகள் 1860களிலும் 70களிலும் விழுந்தன. காட்டை விழுத்தியவர்கள் நம் ஆட்கள். சேலம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்திலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்களுக்கு முழுக் கணக்கு எந்தத் துரையிடமும் இல்லை.

1869இல் கோப்பி இலையில் ஆரஞ்சு நிறப் பொடி படிந்தது. இலைத்துரு நோய். முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விலை நன்றாக இருந்தது, இன்னும் காடு இருந்தது. கொஞ்ச வருஷத்தில் ரயிலுக்கு எல்லை நாவலப்பிட்டி ஆனது. 1874இல் அங்கே வந்து நின்ற தண்டவாளம் பத்து வருஷம் அப்படியே நின்றது. அந்தப் பத்து வருஷமும் மேல்மலைக்கு வாசல் நாவலப்பிட்டிதான். கோப்பி மூட்டை அதுவரை மாட்டு வண்டியில் இறங்க வேண்டும். எங்களுக்கு மேலே ரயில் வேண்டும் என்று கோப்பித் துரைமார் விடாமல் கேட்டார்கள். கடைசியில் மலையைக் குடைந்து, ஹட்டனுக்கு அப்பால் சிங்கமலைச் சுரங்கத்தையும் தாண்டி கோச்சி மேலே வந்தபோது, கேட்டவர்களின் கோப்பி செத்துப்போயிருந்தது. கோப்பிக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி 1884இல் முறிந்தது. இடையில் சிங்கோனாப் பட்டையை நம்பியவர்களும் கையைச் சுட்டுக்கொண்டார்கள். மிஞ்சியது தேயிலை. கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடந்தது 1883இல். கோப்பிக்காகப் போட்ட பாதையில் தேயிலை ஏறிக்கொண்டது. இன்று தலவாக்கலை என்று ஒரு டவுன் இருப்பது இந்தத் தற்செயலால்தான் என்பேன்.

அந்தக் காலத்து டவுனைப் புரிந்துகொள்ள ஒரு தேயிலைப் பெட்டி போதும். மெல்லிய பலகை, விளிம்புகளில் தகரப்பட்டை வைத்து அறைந்த ஆணி, ஈரம் ஏறாமலிருக்க உள்ளே ஈயத்தாள், ஒரு பக்கத்தில் தகட்டு அச்சு வைத்து மை தடவிய தோட்டத்துப் பெயர், தூளின் ரகம், பெட்டி இலக்கம். தோட்டத்து மாட்டு வண்டி இந்தப் பெட்டிகளை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு வெறுமனே திரும்பாது. அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு போகும். காடு முழுக்கத் தேயிலையான பிறகு தோட்டத்து ஆள் சாப்பிடும் அரிசி கடல் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. தோட்டம் அதை அளந்து கொடுத்து, சம்பளத்தில் கழித்துக்கொள்ளும். பெட்டி போகவும் மூட்டை வரவும் ஒரே மேடை. அந்த மேடையைச் சுற்றிக் கடை விரியாமல் இருக்குமா?

துணிக்கடை, நகைக்கடை, அடகுக்கடை, சாப்பாட்டுக்கடை, தவறணை எல்லாம் வந்தன. இந்தியாவிலிருந்து வந்த செட்டியார்களும் முஸ்லிம் வியாபாரிகளும், கீழ்நாட்டுச் சிங்களக் கடைக்காரர்களும், யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மாரும் ஒரே தெருவில் இருந்தார்கள். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமைதான் டவுனுக்குத் திருவிழா. ஆறு நாள் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்தவன் ஏழாம் நாள் தலை வாரி, வெள்ளை வேட்டி கட்டி, தெருவில் தன் இஷ்டத்துக்கு நடப்பான். தோட்டத்துக்குள் துரை குதிரையில் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். டவுன் தெருவில் அந்தக் கட்டாயம் இல்லை. சாமான் வாங்கியதைவிட அந்த நடைதான் பெரிசு என்று எனக்குத் தோன்றும். தோட்டத்துக்கு வெளியே, எல்லாத் தோட்டத்து ஆட்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட முதல் இடம் டவுன். தொழிற்சங்கம் வளர்ந்ததும் அந்த வழியாகத்தான். பக்கத்து சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் வந்து, ஊரின் பெயர் உலகத் தேயிலை வட்டாரத்தில் அடிபட்டது வேறு கதை.

எங்கள் ஊர்ப் பெருமை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. தேயிலைத் தோட்டத்தை ஆங்கிலக் கவிதைக்குள் கொண்டுபோனவர், தோட்டத்து மக்களின் வாய்ப்பாட்டுகளைத் தேடிச் சேகரித்தவர். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. கொழுந்துக் கூடை சுமந்தவர்கள் போட்ட ஓட்டில், லயத்து வாழ்க்கையை எழுதிய ஆள் நாடாளுமன்றம் போனார். தலவாக்கலையின் உச்சம் எது என்று கேட்டால் நான் தேயிலை விலையைச் சொல்ல மாட்டேன், 1947ஐத்தான் சொல்வேன்.

சரிவும் அங்கேயே ஆரம்பிக்கிறது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம். ஓட்டுப் போட்ட மக்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1952 தேர்தலில் அந்த ஏழு இடங்களில் ஒன்றுகூடக் காங்கிரசுக்கு இல்லை. 1960இல் தலவாக்கலை என்ற தொகுதியே இல்லாமல் போனது. பிறகு 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை. டவுன் ஸ்டேஷனில் மரப்பெட்டியும் பாத்திர மூட்டையுமாகக் குடும்பங்கள் நின்று, கட்டிப்பிடித்து அழுது, தலைமன்னாருக்குக் கோச்சி ஏறின. அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். பிறகு கூடலூர், கோத்தகிரி. பாட்டன் வந்து இறங்கிய மன்னார்ப் பக்கமே பேரன் திரும்பிப் போனான்.

அதற்குள் தேயிலையும் லொறிக்கு மாறிக்கொண்டிருந்தது. ஈயத்தாள் பெட்டி போய்க் காகிதப் பை வந்தது, சரக்கு மேடை ஓய்ந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுக்குப் போயின, பஞ்சம் வந்தது. 1977 மே 11 அன்று, தோட்டக் காணி 7,000 ஏக்கரை எடுப்பதை எதிர்த்த போராட்டத்தில், பக்கத்து டெவன் தோட்டத்து இளைஞன் சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் விழுந்தான். காணி தப்பியது. மலையகத்தில் மண்ணுக்காக உயிர் கொடுத்தவர் என்றால் இன்றும் முதலில் வரும் பெயர் அதுதான்.

இனி ஆற்றின் கதை. மஸ்கெலியா டவுனின் விதி எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 1969இல் மவுசாகலை அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா முழுக்கத் தண்ணீருக்குள் போனது. கடும் வறட்சியில் அணை வற்றினால் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றுக்குள்ளிருந்து தலைகாட்டும், பார்க்க வேன் பிடித்து ஆள் வரும். அந்த அணை கொடுத்த மின்சாரம் கொழும்பில் எரிந்தது. அணைக்குப் பக்கத்து லயங்களில் பல காலம் குப்பிலாம்புதான். அதனால் கொத்மலை ஓயாவை மறித்து அணை கட்டும் மேல் கொத்மலைத் திட்டம் என்றதும் தலவாக்கலை பயந்ததில் நியாயம் இருந்தது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, சுற்றாடல்காரர்கள் எதிர்த்தார்கள். டெவன், ரம்பொடை அருவிகளின் தண்ணீரையும் திருப்பும் பழைய யோசனை அந்த எதிர்ப்பில்தான் கைவிடப்பட்டது.

ஆனாலும் அணை வந்தது. ஜப்பான் கடனில் 2006இல் தொடங்கிய வேலை 2012இல் முடிந்தது. 35.5 மீட்டர் உயரம், 180 மீட்டர் நீளம், ஆற்றங்கரை டவுனை ஒட்டினாற்போல். மவுசாகலையோடு ஒப்பிட்டால் தேங்கும் தண்ணீர் சின்னக் குளம்தான். ஆனால் தேக்கம் முக்கியம் இல்லை. அணையில் பிடித்த ஆற்றை ஏறத்தாழ 13 கிலோமீட்டர் சுரங்கத்தில் விட்டு, நியங்கம்தொரவில் நிலத்தடி நிலையத்தில் 150 மெகாவாட் எடுக்கிறார்கள். இடையில் உள்ள ஆற்றுக்கு மிச்சம்தான். அந்த இடையில் விழும் சென் கிளையர் அருவிக்குப் பகலில் சுமார் பத்து மணி நேரம் தண்ணீர் விடுவதாக ஏற்பாடு. கந்தோர் உத்தியோகத்தன் மாதிரி அருவியும் நேரத்துக்கு வேலைக்கு வந்து நேரத்துக்குப் போகிறது.

ஆற்றங்கரையில் இருந்த ஏறத்தாழ 500 குடும்பங்கள் இடம் மாறின. நேர்மையாகச் சொன்னால், அவர்களில் லயத்து ஒற்றைக் காம்பராவை விட்டுத் தனி வீட்டுக்குப் போனவர்களுக்கு அது நல்லதுதான். நூற்றைம்பது வருஷமாகத் தோட்டம் கொடுக்காத வீட்டை அணை கொடுத்தது. அதற்கு ஓர் அணை வர வேண்டியிருந்தது என்பதுதான் கேவலம்.

ஊர் மூழ்கவில்லை. கோச்சி நிற்கிறது, கடைகள் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் உண்டு. பெடியன்கள் பாதிப்பேர் கொழும்புக் கடைகளில் நிற்பதால் முன்னைப்போல இல்லை, அவ்வளவுதான். தண்ணீருக்கடியில் போன கரையில் யார் வீடு எங்கே இருந்தது, எந்தக் கடை யாருடையது என்பதை மட்டும் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அந்தக் கரையில் இருந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். வீட்டில் பழைய கல்யாணப் படம், கடைத் திறப்புப் படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பின்னால் தெரியும் தெருவின் பெயரையும் ஆட்களின் பெயரையும் படத்தின் பின்பக்கம் எழுதி, ஒரு பிரதியை அருகிலுள்ள பள்ளிக்கூடத்து நூலகத்துக்குக் கொடுங்கள்.