குட்டைக் கோதுமை

நேற்று ராத்திரி உங்கள் வீட்டில் சப்பாத்தியா? 1966-ல் இதைக் கேட்டிருந்தால், 'மாவு எந்தக் கப்பலில் வந்தது?' என்றும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். இரண்டு வருஷம் அடுத்தடுத்து மழை பொய்த்திருந்தது. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் இறக்குமதி. பெரும்பாலும் அமெரிக்கக் கோதுமை. அதிபர் ஜான்சன் அதையும் மொத்தமாகத் தரவில்லை. கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினார்.

ஏன், பஞ்சாபில் நிலம் இல்லையா, கால்வாய் இல்லையா? இருந்தது. யூரியாவைப் போட்டுத் தண்ணீரைப் பாய்ச்ச வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல்.

தழைச்சத்தும் தண்ணீரும் ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள். ஒன்று படுத்துக்கொண்டால் வண்டி நகராது. உரம் தண்ணீரில் கரைந்தால்தான் வேர் அதை எடுத்துக்கொள்ளும். ஈரமில்லாத மண்ணில் போட்ட உரம், காசைக் கொட்டிய மாதிரி. வெறும் தண்ணீர் மட்டும் விட்டால் பயிர் வெளிறி நிற்கும். தண்ணீர் அதிகமானாலோ, உரம் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும்.

சரி, இரண்டையும் அளவாகக் கொடுத்தால்? நம்மூர்ப் பழைய கோதுமை நாலடிக்கு மேல் வளர்கிற ஜாதி. உரம் போட்டால் இன்னும் நெடுநெடுவென்று போகும். மேலே கனத்த கதிர், கீழே இளகிய ஈர மண். ஒரு காற்று போதும், மொத்த வயலும் பாய் விரித்த மாதிரி படுத்துவிடும். போட்ட முதலுக்கே மோசம்! உரம் வேண்டாம் என்ற விவசாயி விவரம் தெரியாதவர் இல்லை. கணக்குத் தெரிந்தவர்.

விடை ஜப்பானில் இருந்தது. 'நோரின் 10' என்ற குட்டைக் கோதுமை. 1946-ல் அதன் விதை அமெரிக்கா போனது. அங்கிருந்து மெக்ஸிகோவில் இருந்த நார்மன் போர்லாக் கைக்கு வந்தது. அவர் உருவாக்கிய ரகங்கள் நிறைய உரம் போட்டாலும் எளிதில் சாயவில்லை. சாப்பிட்டதைத் தண்டில் செலவழிக்காமல் மணியில் சேர்த்தன.

டெல்லியில் எம்.எஸ்.சுவாமிநாதன் அதைப் பிடித்துக்கொண்டார். உணவு அமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி.சுப்பிரமணியம். அந்நியச் செலாவணிக்கு எங்கே போவது என்று எதிர்ப்பு. மனிதர் அசரவில்லை. தன் பங்களாவின் புல்வெளியை உழுது கோதுமை விதைத்தார். 1966-ல் மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் விதை வந்து இறங்கியது.

விதையோடு பாடமும் வந்தது. ஆழமாக விதைக்காதே. விதைத்த மூன்றாவது வாரம், தண்டின் அடியில் புது வேர் பிடிக்கிற சமயம், முதல் தண்ணீர் கட்டு. மீதி உரத்தையும் அப்போதே போடு. அந்த ஒரு தண்ணீர் தவறினால் மகசூல் போச்சு!

1964-65-ல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை, 1967-68-ல் 1.6 கோடி டன்னைத் தாண்டியது. இந்திரா காந்தி தபால்தலையே வெளியிட்டார். ஆனால் சுப்பிரமணியம்? ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சில் நடந்த 1967 தேர்தலில், தமிழ்நாட்டில் அவர் தோற்றுப்போனார். விளைச்சல் வந்தபோது விதைத்தவர் பதவியில் இல்லை.

நம் பக்கம் என்ன ஆச்சு? இங்கே அதே வித்தையை ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல் செய்து காட்டியது. ஆரணி, செய்யாறு, வெம்பாக்கம் எல்லாம் அன்றைய வட ஆற்காடு மாவட்டம். பட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவே ஏரியையும் கிணற்றையும் நம்பி விவசாயம். 1970-களில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த மாவட்டத்துக் கிராமங்களுக்கு வந்து பார்த்தார்கள். எதிர்பார்த்த அளவுக்குப் புது ரகங்கள் பரவியிருக்கவில்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தால்தானே உரம் வாங்கத் தைரியம் வரும்?

பஞ்சாபில் கதை தலைகீழ். மானிய யூரியா, இலவச மின்சாரம். மழை நிரப்புவதைவிட அதிகமாக நிலத்தடி நீரை உறிஞ்சுகிறார்கள். பயிர் சாயாமல் இருக்க ஒரு ஜீன் கிடைத்துவிட்டது. கிணறு வற்றாமல் இருக்க எந்த விதையிலும் ஜீன் கிடையாது. அந்தக் கணக்கை நாம்தான் போட வேண்டும்!