சாமான் சீட்டின் கதை

சென்னைப் பக்கம் மளிகை என்பதை அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பலசரக்கு என்பார்கள். பேர் எதுவானாலும் சிக்கல் ஒன்றுதான். என்ன தீர்ந்துபோயிற்று என்று தெரிந்தவர் அடுப்படியில் இருக்கிறார். கடைக்குப் போகிறவர் வேறொருவர். நிறுத்துக் கட்டுகிறவர் மூன்றாவது ஆள். மூன்று பேருக்கும் ஒரே பட்டியல் தெரிந்தாக வேண்டும்.

இன்றைக்கு இதற்கென்றே செல்போனில் எத்தனையோ செயலிகள் வந்துவிட்டன. அதெல்லாம் இல்லாத காலத்தில், அதுவும் வீட்டில் எழுதத் தெரிந்தவரே இல்லாத காலத்தில், என்ன செய்தார்கள்? 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 9 பேர்கூட இல்லை. அடுப்படியை ஆண்டவர்கள் அவர்கள்தான். கடைக்காரருக்கோ எழுத்தும் தெரியும், கணக்கும் தெரியும். எழுத்து ஒரு பக்கம் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? எழுதினவர் சொன்னதுதான் பாக்கி!

இது நம் ஊருக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. இத்தாலியச் சிற்பி மைக்கலாஞ்சலோ 1518இல் வந்த ஒரு கடிதத்தின் பின்பக்கத்தில் சாப்பாட்டுச் சாமான் பட்டியல் ஒன்று எழுதினார். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அந்தப் பொருளின் படம்: ரொட்டி, மீன், ஒயின் ஜாடி. வேலைக்காரருக்குப் படிக்கத் தெரியாததால் படம் போட்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அந்தத் தாள் இன்றும் ஃபிளாரன்ஸ் நகரில் இருக்கிறது. பாண்டிய நாட்டில் இன்னொரு வழி இருந்தது. 9ஆம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் அம்பாசமுத்திரத்துக் கோயிலுக்கு 290 காசு கொடுத்து, அதன் வருமானத்தில் தினமும் என்னென்ன படைக்க வேண்டும் என்பதை அளவோடு கல்லில் வெட்ட வைத்தான். அரிசி, நெய், தயிர், வாழைப்பழம் என்று போகும் அந்தப் பட்டியலில் மிளகும் மஞ்சளும் சீரகமும்கூட உண்டு. கல்லில் வெட்டிய பட்டியலை ஒருவர் மட்டும் திருத்திவிட முடியாது. ஆனால் ஒரு குடும்பம் வாராவாரம் கல்வெட்டு வெட்ட முடியுமா என்ன?

சரி, கரிசல் காட்டுக்கு வருவோம். மானாவாரிப் பூமியில் கம்பு, சோளம், குதிரைவாலி, துவரை, மல்லி எல்லாம் பெரும்பாலும் சொந்தக் காட்டிலிருந்தே வந்தன. கடையில் வாங்க வேண்டியது கொஞ்சம்தான்: உப்பு, மிளகு, சீரகம், கருப்பட்டி, தீப்பெட்டி, மண்ணெண்ணெய். இவ்வளவுக்கு எழுத்து தேவைப்படவில்லை. அஞ்சறைப்பெட்டியே பட்டியல். மூடியைத் திறந்தால் எந்த அறை காலி என்று தெரியும். பால் கணக்குக்குச் சுவரில் கரிக்கோடு. ஒரு நாளைக்கு ஒரு கோடு. பால்காரரும் பார்ப்பார், வீட்டுக்காரரும் பார்ப்பார், இருவருமே எண்ணலாம். கடைக்கு ஓடுகிற பிள்ளை வழியெல்லாம் சாமான் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போகும். (வழியில் கோலிக்குண்டு ஆட்டம் கண்ணில் பட்டால் பட்டியலில் பாதி காணாமல் போகும், அது வேறு விஷயம்.)

வாங்குகிற சாமான் கூடக் கூட இந்த முறைகள் போதவில்லை. இந்த வட்டாரம் வணிகத்துக்குப் பேர் போனது. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்ற ஆறு ஊர்களில் 19ஆம் நூற்றாண்டில் நாடார் வணிகர்கள் பேட்டைகள் அமைத்து, வணிகத்தின் மீது மகமை என்று ஒரு தொகை பிரித்துப் பொதுக் காரியங்களுக்குச் செலவிட்டார்கள். மகமை ஒழுங்காகப் பிரிய வேண்டுமானால் கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும். அன்றாட வரவு செலவுக்குச் சிட்டை, ஆள்வாரியாகப் பேரேடு. பழைய கணக்குப்பிள்ளைகள் எழுதியது தமிழ் எண்களில். எட்டுக்கு அ, காலுக்கு வ. பள்ளிக்கூடத்தில் 1, 2, 3 மட்டும் படித்த பிள்ளைக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினால் ஒன்றும் புரியாது. கணக்கு சரியாகவே இருந்தாலும், சரிதானா என்று பார்க்கிற வழி வாங்குகிறவருக்கு இல்லை.

இந்த இடைவெளியைக் குறைத்தது ஒரு துண்டுத் தாள்தான். மேலே பிள்ளையார் சுழி. முதல் சாமான் மஞ்சள், மங்கலமாம். பிறகு துவரம்பருப்பு, உளுந்து, புளி, வத்தல். எழுதத் தெரிந்த பிள்ளை தரையில் உட்கார்ந்து எழுதும். அம்மாவோ ஆச்சியோ ஒவ்வொரு டப்பாவாக ஆட்டிப் பார்த்துச் சொல்லுவார். கடையில் அண்ணாச்சி சீட்டை வாங்கிக் கட்டக் கட்ட டிக் அடிப்பார், பக்கத்திலேயே விலை போடுவார், கீழே கூட்டுவார். சீட்டு சாமானோடு பையில் திரும்பி வரும். வீட்டில் பொட்டலங்களைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள். கேட்டது, கொடுத்தது, விலை மூன்றும் ஒரே தாளில் இருந்தன. இதைவிட எளிய முறையைக் கண்டுபிடிப்பது சிரமம்தான்.

கடனுக்கு வாங்குகிறவர்களுக்கு இதுவே கணக்கு நோட்டு ஆயிற்று. வாரக் கூலி வாங்கும் நெசவாளரும், மாதச் சம்பளம் வாங்கும் மில் தொழிலாளரும் கூலி வரும்வரை சாப்பிட்டாக வேண்டுமே! கடையில் ஒரு நோட்டு, வீட்டில் ஒரு நோட்டு. சாமான் வாங்கும்போது வீட்டு நோட்டையும் கொண்டுபோக வேண்டும். இரண்டிலும் ஒரே வரி ஏறும். நோட்டை மறந்துவிட்டுப் போனால் அன்றைய வரி கடை நோட்டில் மட்டும் ஏறும். சண்டைகள் பெரும்பாலும் அந்த ஒற்றை வரியில்தான் பிறந்தன.

1957 ஏப்ரல் 1 அன்று அணாவும் பைசாவும் போய் நயா பைசா வந்தது. 16 அணாவுக்கு 100 நயா பைசா என்றால் ஓர் அணாவுக்கு ஆறேகால். அந்தக் காலை யார் விட்டுக்கொடுப்பது? அடுத்த ஆண்டு அக்டோபர் முதல் கிலோ எடைகள் படிப்படியாக வந்து, 1962இல் நாடு முழுவதும் கட்டாயமாயின. அதுவரை ஒரு வீசை 40 பலம், ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம். ஆச்சி மூன்று பலம் சீரகம் என்பார். கடையில் 100 கிராம் என்று எழுதுவார்கள். கணக்குப்படி 5 கிராம் குறைவு. சட்டம் மாறிய வேகத்தில் வீட்டுப் பேச்சு மாறவில்லை. வாயால் சொல்வது ஓர் அளவு, தாளில் இருப்பது வேறு அளவு என்று கொஞ்ச காலம் ஓடியது.

இதற்கிடையே அரசாங்கமே எழுதிய பட்டியல் ஒன்றும் வந்திருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943இல், சென்னையில் ரேஷன் தொடங்கியது. 1952இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். பின்னர் வந்த பற்றாக்குறையில் ரேஷன் திரும்பியது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. குடும்ப அட்டையும் ஒரு கணக்கு நோட்டுதான். என்ன, பட்டியலை வீட்டுக்காரர் எழுத முடியாது! 2005இல் கொடுத்த அட்டைகளுக்குக் காலம் முடிந்த பின்னும் உள்தாள் ஒட்டி ஒட்டி ஓட்டினார்கள். 2017இல் ஸ்மார்ட் கார்டு வந்தபோது ஒரு நல்ல காரியம் நடந்தது. பொருள் வாங்கியதும் வீட்டுக்காரரின் செல்போனுக்குச் செய்தி வருகிறது. வாங்காத சர்க்கரையை வாங்கியதாகச் செய்தி வந்தால் அன்றைக்கே போய்க் கேட்கலாம். கடைப் பதிவின் நகல் வீட்டுக்கு வந்த மாதிரி.

செல்போன் என்றதும் பட்டியல் சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தால் அதுவும் இல்லை. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம். தமிழில் எழுதினால் 70 இடம்தான். அதிலும் கொம்பு, புள்ளி, கொக்கி எல்லாம் தனித்தனி இடம் பிடிக்கும். கொத்தமல்லி என்ற சொல்லில் எழுத்து 6, பிடிப்பது 10 இடம். ஏழு கொத்தமல்லியோடு செய்தி நிறைந்துவிடும்! ஆகவே தமிழை ஆங்கில எழுத்தில் அனுப்பினார்கள். 1990களில் அறிவொளி இயக்கத்தில் சிரமப்பட்டுத் தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்ட பெண்களுக்கு அந்தச் செய்தி மறுபடியும் படிக்க முடியாத பட்டியல்தான். 2011 கணக்கெடுப்பில்கூடத் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 73 பேர்தான் எழுத்தறிந்தவர்கள்.

2013இல் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. எழுத்தே வேண்டாம். அடுப்படியில் நின்றுகொண்டே டப்பாவை ஆட்டி, "அண்ணாச்சி, உளுந்து ஒரு கிலோ, புளி அரைக்கிலோ" என்று சொல்லிவிடலாம். ஆனால் பேச்சில் டிக் அடிக்க முடியாதே! ஆகவே பல கடைகளில் அதைக் கேட்டுக்கேட்டு ஒரு துண்டுத் தாளில் எழுதுகிறார்கள். பக்கத்தில் விலை போட்டு, கீழே கூட்டி, அந்தத் தாளைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.