மலை வேட்டைக்குப் பழகிய உடல்

வேட்டை என்றதும் துப்பாக்கியும் குறியுமே நம் நினைவுக்கு வருகின்றன. மலை வேட்டையிலோ துப்பாக்கியின் வேலை இறுதியில்தான் வருகிறது. அதற்கு முன் காலும் மூச்சும் தம் கடமையைச் செய்து முடித்திருக்க வேண்டும். மேட்டில் விரைந்து ஏறியவனுக்கு நெஞ்சு படபடக்கும், அதனால் கை ஆடும், குறி தவறும். இறங்கும்போது உடலின் சுமை முழுவதும் தொடையிலும் முழங்காலிலும் வந்து விழும். ஆகவே மலையில் வேட்டையாடச் செல்பவன் முதலில் தன் உடலைப் பழக்க வேண்டியிருந்தது. அப்பழக்கம் எவ்வாறு அமைந்தது என்பதற்குக் குமாவூன் மலைகளில் ஆட்கொல்லி விலங்குகளைத் தேடி அலைந்த ஜிம் கார்பெட்டின் வாழ்க்கை தக்க சான்றாகும். வடபுலத்தில் வாழும் நம் குடும்பங்களில் பல கோடை விடுமுறைக்குச் சென்று வரும் நைனிதாலே அவர் பிறந்த ஊர்.

1875-ஆம் ஆண்டில் பிறந்த கார்பெட், கோடையில் நைனிதாலிலும் குளிர்காலத்தில் மலையடிவாரத்துக் காலாதூங்கியிலும் வளர்ந்தார். உண்டிவில்லுடன் காட்டுக்குள் நுழைந்த சிறுவனுக்கு, பின்னர் வில்லும் அம்பும், அதன் பின்னர் ஒரு குழல் பழுதான பழைய துப்பாக்கியும் கிடைத்தன. கருவி மாறிய போதும் நடையே அவருடைய முதற் பயிற்சியாக இருந்தது. ஓசைப்படாமல் அடியெடுத்து வைப்பதும், பறவை, விலங்குகளின் எச்சரிக்கைக் குரல்களைப் பிரித்தறிவதும் அந்நடையிலேயே கைவந்தன. உடற்பயிற்சிக் கூடம் எதையும் அவர் நாடவில்லை.

அவர் முழுநேர வேட்டைக்காரரும் அல்லர் என்பது நம்மைப் போன்ற அலுவலர்கள் கருதத்தக்கது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கங்கைக் கரையிலுள்ள மொகாமே காட்டில், அகலப்பாதை வண்டிகளிலிருந்து மீட்டர்பாதை வண்டிகளுக்குச் சரக்கு மாற்றும் இரயில்வே ஒப்பந்தப் பணியை அவர் நடத்தி வந்தார். மேற்பார்வையோடு நின்றுவிடாமல், தொழிலாளரோடு சேர்ந்து நிலக்கரியையும் அள்ளினார். பிழைப்புக்குச் செய்த அவ்வுழைப்பும் அவர் உடலை உரமாக்கியது.

அந்த உரம் 1907-இல் சோதிக்கப்பட்டது. நேபாளத்தில் 200 பேரையும் குமாவூனில் 236 பேரையும் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியைத் தேடி அவர் புறப்பட்டார். அறிவிக்கப்பட்ட பரிசுத் தொகை நீக்கப்பட வேண்டும், பிற வேட்டைக்காரர்கள் விலக வேண்டும் என்பன அவர் விதித்த நிபந்தனைகள். நைனிதாலிலிருந்து நண்பகலில் கிளம்பி முதல் நாளிலேயே 17 மைல் மலைவழி நடந்தார். இறுதியில் சம்பாவத்தில் தாசில்தார் திரட்டிய 298 பேர் மலையைச் சூழ்ந்து புலியைக் கலைத்தனர். கார்பெட்டிடம் இருந்த மூன்று தோட்டாக்களும் தீர்ந்த பின்னரும் காயமுற்ற புலி உயிரோடு நின்றது. அவர் தம் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு மேட்டில் ஓடி ஏறினார். தாசில்தாரின் துப்பாக்கியைப் பறித்துக்கொண்டு திரும்ப ஓடி வந்து சுட்டார். அந்த ஓட்டத்துக்கு மூச்சும் காலும் இடம் கொடுத்திராவிடில் அன்றைய நாள் எப்படி முடிந்திருக்குமோ!

வலிமை என்பது ஓட்டம் மட்டுமன்று. கேதார, பத்ரிநாத யாத்திரை வழியில் 125 உயிர்களைக் குடித்த ருத்ரப்பிரயாகைச் சிறுத்தைக்காக, ஆற்றுப் பாலத்துக் கோபுரத்தின் மேல் 20 இரவுகள் அவர் விழித்திருந்தார். அம்முயற்சி பயன் தரவில்லை. சிறுத்தை வீழ்ந்தது 1926 மே மாதத்தில்தான். அப்போது அவருக்கு வயது 50. தாக் கிராமத்துப் புலியை 1938-இல் சுட்டபோது வயது 63. இளமையில் பிடித்த நடையை இடையில் விடாதவருக்கே இது இயலும். 1944-இல் இராணுவத்தினருக்குக் காட்டுப் போர்ப் பயிற்சி அளிக்க அவரை அழைத்ததும் இதனால்தான்.

எனினும் இவ்வரலாற்றில் அவரை மட்டும் புகழ்ந்து நிறுத்துவது முறையன்று என்று கருதுகிறோம். அவர் ஏறிய செங்குத்துச் சரிவுகளில் அம்மலைப் பெண்கள் நாள்தோறும் புல்லறுத்தனர், தழை ஒடித்தனர், விறகு சுமந்தனர். சம்பாவத் புலியின் கடைசி இரை, சுள்ளி பொறுக்கச் சென்ற இளம்பெண். கார்பெட்டுக்கு இணையான கால் வலிமை அவர்களுக்கும் இருந்தது, துப்பாக்கி இல்லை. வீட்டுக்குள் அடங்கியிருக்கவும் வழியில்லை, கொட்டிலில் மாடு பசித்துக் கிடந்ததே! அவர்களது வலிமை அவர்களைக் காக்கவில்லை. காக்க வந்தவரின் வலிமைக்கு அவர்கள் துயரமே பொருள் தந்தது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தது. மறு ஆண்டு புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டது, கார்பெட் பெயர் தாங்கிய காட்டிலேயே. இன்று அக்காடுகளில் நடக்கும் கால்கள் வனக்காவலருடையவை. வேட்டையாடியவருக்குத் தேவைப்பட்ட அதே நடையும் பொறுமையும், இன்று விலங்கைக் காப்பவருக்குத் தேவைப்படுகின்றன.

கோப்புகளுக்கு நடுவே அமர்ந்து பணியாற்றும் நமக்கும், அடுக்குமாடிகளில் வளரும் நம் மக்களுக்கும் புலியைத் தேடிப் போகும் கடமை இல்லை. ஆயினும் பிறருக்கு ஓர் இடர் வரும்போது ஓடிச் சென்று உதவ உடல் இடம் கொடுக்க வேண்டுமல்லவா? அவ்வுடல் ஆபத்து வந்த அன்று அமைவதில்லை. அதற்கு முன் பல்லாண்டுகள் நடந்த நடையில் அமைகிறது. அடுத்த கோடையில் நைனிதால் செல்வோர், ஒரு மேட்டையேனும் வண்டியின்றி ஏறிப் பார்ப்பார்களாக.