காளிகாட்டு ஓவியரின் கூட்டுழைப்பு

லேக் மார்க்கெட் பகுதியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் நம்மவர்க்குக் காளிகாட் அயலூர் அன்று. அன்னையைத் தரிசித்து, பேடாவும் கையுமாக வீடு திரும்பாத தமிழ்க் குடும்பம் இந்நகரில் அரிது. அதே சந்துகளில், ஒரு காலத்தில் யாத்திரிகர் பிரசாதத்தோடு படமும் வாங்கித் திரும்பினர் என்பதை அன்பர்கள் கேள்வியுற்றிருக்கலாம். அப்படங்களை எழுதிய கைகள் ஒன்றுக்கொன்று எவ்வாறு துணைநின்றன என்பது அத்துணை பரவிய செய்தியன்று. அதனையே இங்கு ஒருவாறு கூற முற்படுகிறேன்.

இப்போதுள்ள கோயில் 1809-ஆம் ஆண்டில் எழுந்தது. யாத்திரிகர் கூட்டம் பெருகவே, மேதினிபுரி, இருபத்துநான்கு பர்கனா முதலிய மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து 'பட்டுவா' என்னும் ஓவியக் குடியினர் வந்து கோயிலைச் சூழ்ந்து குடியேறினர். வங்காளியரின் 'பட்' என்ற சொல்லும் நம் 'படம்' என்ற சொல்லும் உறவுடையவை. ஊரில் இவர்கள் நீண்ட சுருள்களில் புராணக் கதைகளை எழுதி, விரித்துப் பாடிக் காட்டிப் பிழைத்தவர்கள். நகரத்துக்கு வந்துபோகும் யாத்திரிகருக்கு நின்று கேட்கப் பொழுதேது? ஆகவே ஆலைக் காகிதத்தில், தாளுக்கு ஓர் உருவமாக விரைந்து எழுதலாயினர். விலை ஒரு பைசா, அல்லது அதனினும் சற்றுக் கூடுதல்.

ஒரு பைசாவுக்கு விற்கும் படத்தைத் தொடக்கமுதல் இறுதிவரை ஒருவரே எழுதினால் அடுப்பு எரியுமா? கல்கத்தா அரசினர் ஓவியப் பள்ளியின் தலைவராயிருந்த முகுல் தே, 1932-இல் எழுதிய கட்டுரையொன்றில் இவர்களது முறையை விளக்கியுள்ளார். மூலப்படத்தைப் பார்த்து ஒருவர் உருவத்தைப் பென்சிலால் வரைவார். மற்றொருவர் உடலின் திரட்சி தோன்ற நிழலும் ஒளியும் தீட்டுவார். மூன்றாமவர் வண்ணம் நிரப்புவார். இறுதியில் விளக்குக்கரி மையால் வளைகோடுகளை இழுத்துப் படத்தை முடிப்பர். பெண்டிரும் சிறுவரும் இவ்வேலையில் பங்கு கொண்டனர். மஞ்சளிலிருந்து மஞ்சள் நிறமும், அபராஜிதா மலரிலிருந்து நீலமும் எடுத்தனர். அபராஜிதா என்பது வேறொன்றுமன்று. நம் வேலியில் படரும் சங்குப்பூவேயாம்! நகைகளுக்கு மட்டும் வெள்ளீயப் பூச்சால் வெள்ளியொளி ஊட்டினர்.

இத்தகைய பங்கீட்டில் கற்பித்தல் என்று தனியே ஒன்று வேண்டுவதில்லை. வண்ணம் நிரப்பும் இளையவன், தன் அருகிலிருந்து மூத்தவர் ஒரே மூச்சில் தோளையும் புயத்தையும் வளைத்திழுப்பதை நாள்தோறும் காண்கிறான். தேர்ந்தவர் கோடும் பயில்பவர் வண்ணமும் ஒரே தாளில் கூடுகின்றன. அப்படங்களில் பெரும்பாலானவற்றில் கையொப்பம் இல்லாமைக்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். எவர் பெயரை இடுவது?

தெய்வ உருவங்களோடு அவர்கள் நின்றுவிடவில்லை. குடையும் பளபளக்கும் செருப்புமாய் உலாவும் பாபுக்களை எள்ளினர். நெற்றியில் வைணவ நாமமும் வாயில் இறாலுமாக நிற்கும் பூனையின் படம் பெரும் புகழ் பெற்றது. மாமல்லபுரத்துப் பாறையில் தவம் செய்யும் பூனையைக் கண்ட நமக்கு அதன் பொருள் சொல்லாமலே விளங்கும். 1873-இல் தாரகேசுவரத்தில் எலோகேசி என்ற இளம்பெண்ணைக் கணவன் நவீனசந்திரன் கொன்ற வழக்கும், மடத்து மகந்து தண்டனை பெற்றதும் வங்கத்தையே உலுக்கின. அச்செய்தியைப் பட்டுவாக்கள் காட்சி காட்சியாக எழுதி விற்றனர்.

இவ்வளவு செழித்த தொழில் வீழ்ந்தது ஏன்? அச்சுப் படங்கள் வந்தன. ஜெர்மனியிலும் பம்பாயிலும் அச்சான வழவழப்பான வண்ணப் படங்களுக்கு முன் கைவேலை நிற்க இயலவில்லை. எத்தனை கைகள் கூடினும் இயந்திரத்தின் விரைவும் அதன் பின்னின்ற முதலும் அக்கைகளுக்கு எட்டுமோ? குடும்பங்கள் பிற தொழில்களை நாடின. காளிகாட்டின் கடைசிப் பட்டுவாக்கள் என்று குறிக்கப்பெறும் நிவாரண் சந்திர கோஷ், காளி சரண் கோஷ் இருவரும் 1930-இல் மறைந்தனர். ருட்யார்ட் கிப்ளிங் தம் தந்தையார் சேர்த்து வைத்த படங்களை 1917-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சிச்சாலைக்கு வழங்கினார். இன்று அங்கே அறுநூறுக்கு மேற்பட்ட காளிகாட்டுப் படங்கள் உள்ளன. எழுதியவர்தம் மக்களுக்கு அதனால் ஒரு பைசாவும் வந்ததில்லை.

குடும்பத்தைக் கடந்து, நண்பர்களாகக் கூடி ஓவியர் ஒருவரையொருவர் தாங்கும் முயற்சி இந்நகரில் 1943-இல், பஞ்சம் தெருவெல்லாம் பிணமாக்கிய அந்த ஆண்டில் பிறந்தது. அதுவே கல்கத்தா குழு. அதில் பிரதோஷ் தாஸ்குப்தா, பரிதோஷ் சென், கோபால் கோஷ் ஆகிய மூவரும் சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர்கள் என்பது நாம் பெருமையுடன் குறிக்கத்தக்கது. அங்கே அவர்களுக்கு ஆசிரியராயிருந்தவர் வங்காளியரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் 1959-இல் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலையை வடித்தவர் அவரே. 1950-இல் இக்குழுவும் பம்பாய் முற்போக்கு ஓவியர் குழுவும் கல்கத்தாவில் ஒருங்கே கண்காட்சி நடத்தின.

ராய் சௌத்ரியிடம் பயின்ற மற்றொருவர் கே. சி. எஸ். பணிக்கர். அவர் தலைமையில் ஓவியரும் சிற்பியரும் 1966-இல் சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் தாமே நிலம் வாங்கிச் சோழமண்டலம் என்னும் ஓவியர் ஊரை உண்டாக்கினர். பத்திக் துணி முதலிய கைவினைகளைச் செய்து விற்று, அவ்வருவாயில் உண்டு, எஞ்சிய பொழுதில் தம் ஓவியத்தை எழுதினர். அவ்வூர் இன்றும் இருக்கின்றது.