தையல் மோட்டாரும் ஒரு கண்டென்சரும்

விருதுநகர் மாவட்டத்தில் ராஜபாளையம் பக்கம் தளவாய்புரம், செட்டியார்பட்டி, முகவூர் என்று சில ஊர்கள் உண்டு. நைட்டி தையலுக்குப் பேர்போன ஊர்கள். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்ணுக்கு, கரண்ட் இருந்தும் பவர் மெஷின் மோட்டார் சுழலாமல் "உம்ம்ம்" என்று உறுமிக்கொண்டு நின்றால் அன்றைய கூலி போச்சு! பெரும்பாலும் குற்றவாளி கண்டென்சர்தான். கையளவுகூட இல்லாத இந்த டப்பாவுக்கு மோட்டாரில் என்ன வேலை?

1888-இல் நிக்கோலா டெஸ்லா இண்டக்ஷன் மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு காயில்களில் மின்சாரம் ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்தைத் தொட்டால் உள்ளே காந்தப்புலம் சுற்றும், ரோட்டரும் பின்னாலேயே சுற்றும் என்பதுதான் அவருடைய யோசனை. மூன்று பேஸ் உள்ள ஆலைகளில் இது தானாகவே நடந்துவிடும். ஆனால் வீட்டுக்கு வருவது ஒரே பேஸ். அதில் காந்தப்புலம் சுற்றாது, கூடிக் குறையும், அவ்வளவுதான். அந்த உறுமல் அதனால் வருவது. புல்லியைக் கையால் சுற்றிவிட்டால் விட்ட பக்கமே ஓடத் தொடங்கும். (விரல் போய்விடும், யாரும் முயலவேண்டாம்!)

கைக்குப் பதிலாக வந்ததுதான் கண்டென்சர். இரண்டாவதாக ஒரு ஸ்டார்ட்டிங் காயிலைச் சுற்றி அதோடு கண்டென்சரைத் தொடராக இணைத்தால், அந்தக் காயிலின் மின்சாரம் முந்திக்கொள்ளும். காந்தப்புலம் சுற்ற ஆரம்பிக்கும். ஆரம்ப காலத்தில் கண்டென்சர் பெரிதாகவும் விலை அதிகமாகவும் இருந்தது. 1920களுக்குப் பிறகுதான் சிறிய மோட்டார்களுக்குக் கட்டுப்படியானது.

தமிழ்நாட்டுக் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. கோயம்புத்தூரில் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார்கள். தெற்கே 1944-இல் பாபநாசம் மின்நிலையம் ஓடத் தொடங்கியது, 1957-இல் மின்சார வாரியம் அமைந்தது. இதில் ஒரு வேடிக்கை: பக்கத்துச் சிவகாசியில் 1923-இல் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலும் பின்னால் வந்த பட்டாசுத் தொழிலும் கைகளை நம்பியே வளர்ந்தவை. மருந்து இருக்கும் கொட்டகையில் ஒரு பொறி போதும், மோட்டார் அங்கே நெருங்க முடியாது. தையலுக்கு அந்தப் பயம் இல்லை. வீட்டுக்கு வரும் ஒரே பேஸில் மோட்டாரை ஓட்டிவிட்டால் முன்னறையே பட்டறை. அதைச் சாத்தியமாக்கியது கண்டென்சர்!

இணைக்கும் முறையையும் பார்ப்போம். பொதுவாக மோட்டாரிலிருந்து மூன்று ஒயர் வெளியே வரும். மீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டிரண்டாக அளந்தால், எந்த இரண்டுக்கு நடுவில் தடை மிக அதிகமோ அவை ரன்னிங், ஸ்டார்ட்டிங் முனைகள், மிச்சமிருப்பது காமன். காமனுக்கு நியூட்ரல், ரன்னிங்குக்கு நேராக பேஸ், ஸ்டார்ட்டிங்குக்கு கண்டென்சர் வழியாக பேஸ். பழையதில் எழுதியிருக்கும் எம்எஃப்டி அளவையே வாங்கவேண்டும். "பெருசா போட்டா நல்லா இழுக்கும்" என்று கடையில் சொல்வதைக் கேட்டால் காயில் சூடேறிக் கருகும், அப்புறம் ரீவைண்டிங் செலவு. வோல்ட்டேஜும் முக்கியம். 230 வோல்ட் லைன்தானே என்று நினைக்கக்கூடாது, ஓடும்போது கண்டென்சரின் இரு முனைகளுக்கிடையே அதைவிட அதிகம் இருக்கும். அதனால்தான் அதன் மேல் 440 என்று போட்டிருக்கிறது. சுவிட்சை அணைத்தபின்னும் உள்ளே சார்ஜ் தங்கும். குறுக்கே ஒரு குண்டு பல்பை வைத்து இறக்கியபிறகே தொடவேண்டும்.

மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் நூல் சிக்கும், தையல் விழாது. அப்போது பலரும் பிளக்கைத் திருப்பிச் சொருகிப் பார்ப்பார்கள். பேஸும் நியூட்ரலும் இடம் மாறுவதால் திசை மாறாது! ஸ்டார்ட்டிங் காயிலின் இரண்டு முனைகளைத்தான் மாற்றவேண்டும். மூன்று ஒயர் மட்டும் வெளியே வந்திருந்தால் அதற்கு மோட்டாரைத் திறக்கவேண்டும்.

இப்போது சர்வோ மோட்டார்கள் வந்துவிட்டன. அவற்றில் ஸ்டார்ட்டிங் காயிலே கிடையாது, மிதித்தால் மட்டும் ஓடும். பழைய கிளச் மோட்டாரோ தைக்காத நேரத்திலும் சுற்றிக்கொண்டே மின்சாரம் தின்னும். ஆனாலும் அது கெட்டால் வீட்டுப் பக்கத்திலேயே சரிசெய்துவிடலாம். சர்வோவின் போர்டு போனால் நகரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும்.